திருவெளிப்பாட்டு நூலின் குறியீட்டுச் சொற்களும் அவற்றின் வரலாற்று நிலமும்

முன்னுரை

கிறித்துவத் திருமறையின் இறுதியில் அமைந்துள்ள நூலைத் தமிழர் இரு பெயர்களால் அறிவர். 1871இல் நிறைவெய்திய பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பில் அதன் பெயர் 'வெளிப்படுத்தின விசேஷம்'. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதன் பெயர் 'திருவெளிப்பாடு'. இரண்டும் 'அப்போகாலிப்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் தமிழாக்கங்களே. திரையை விலக்கிக் காட்டுதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். மூடியிருப்பதைத் திறந்து காட்டுவதாகப் பெயரளவில் கூறும் இந்நூலே விவிலிய நூல்களுள் மிகவும் மூடுண்ட நூலாகப் பெரும்பாலோரால் கருதப்படுகிறது. இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதே நம் வினா.

விலங்கு, எண், முத்திரை, பாபிலோன், ஆட்டுக்குட்டி ஆகிய ஐந்து குறியீட்டுச் சொற்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அகப்பாடல்களின் உள்ளுறை, தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு அமையும் என்பது தொல்காப்பியர் கருத்து. நிலத்தையும் அதன் விலங்கையும் பூவையும் அறிந்தவனுக்கே அகப்பாடலின் உள்ளுறை புலனாகும். அறியாதவனுக்கு அது வெறும் இயற்கைக் காட்சியாகவே நின்றுவிடும். திருவெளிப்பாட்டின் குறியீடுகளுக்கும் ஒரு நிலம் உண்டு. அந்நிலம் முதல் நூற்றாண்டின் சின்ன ஆசியா. அதனை மறந்தபோது அச்சொற்கள் பொருளிழந்து போகவில்லை. எவர் எப்பொருளையும் இட்டு நிரப்பத்தக்க வெற்றுக் கலங்களாயின. அதன் விளைவுகள் வரலாற்றில் சிறியன அல்ல.

நூலின் நிலமும் காலமும்

நூலாசிரியர் தம்மை யோவான் எனக் கூறிக்கொள்கிறார். தாம் பத்மு என்னும் தீவில் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு நகரங்களின் சபைகளுக்கு அவர் எழுதுகிறார். இவை யாவும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், உரோமரின் 'ஆசியா' மாநிலத்தில் இருந்தவை. எபேசில் தொடங்கி வடக்கே சென்று, பின் தென்கிழக்காகத் திரும்பும் ஒரு பயணியின் வழிவரிசையிலேயே இவ்வேழு பெயர்களும் அமைந்துள்ளன. ஆதலால் இந்நூல் குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பிட்ட மக்கள் கேட்குமாறு உரக்க வாசிக்கப்பட்ட ஒரு மடல் என்பதனை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும்.

தொமித்தியன் (கி.பி. 81-96) ஆட்சியின் இறுதியில் இக்காட்சி காணப்பட்டதாகக் கி.பி. 180ஆம் ஆண்டளவில் எழுதிய இரேனேயு கூறுகிறார். ஆய்வாளருள் மிகப் பலர் இதனை ஏற்கின்றனர். நீரோவின் மறைவையடுத்த கி.பி. 68-69 ஆண்டுகளைச் சுட்டுவோரும் உளர். தொமித்தியன் பேரரசு முழுவதும் கிறித்துவரைத் துன்புறுத்தினான் என்னும் பழைய கருத்துக்குத் தக்க சான்று இல்லை என்பதை இன்றைய வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். எனவே, பெருங்கொலைக்களத்தின் நடுவே எழுந்த நூலாக மட்டும் இதனைக் காண்பது பொருந்தாது.

அன்றாட வாழ்வில் கலந்திருந்த பேரரசு வழிபாடே இந்நூலின் உண்மையான பின்புலம். பெர்கமுவில் அகுஸ்துவுக்கும் உரோம் என்னும் பெண்தெய்வத்துக்கும் கி.மு. 29இல் கோயில் எழுப்ப இசைவு கிடைத்தது. திபேரியுவுக்குக் கோயில் எழுப்பும் சிறப்பைப் பிற பத்து நகரங்களோடு போட்டியிட்டுச் சிமிர்னா கி.பி. 26இல் வென்றது. எபேசில் தொமித்தியன் குடும்பத்தாருக்குரிய கோயில் கி.பி. 89-90இல் திறக்கப்பெற்றது. அகுஸ்துவின் பிறந்தநாளே ஆண்டின் தொடக்கம் என இம்மாநிலம் கி.மு. 9இல் முடிவு செய்தது. அதனை அறிவிக்கும் பிரியேனே கல்வெட்டு, அப்பிறப்பினால் உலகுக்கு விளைந்தவற்றைச் சுட்ட, பின்னாளில் கிறித்துவர் 'நற்செய்தி' என வழங்கிய அதே கிரேக்கச் சொல்லை ஆள்கிறது. சொற்களுக்காகவே ஒரு போட்டி அங்கு நிகழ்ந்தது எனலாம்.

விலங்கு

கடலிலிருந்து ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளும் உடைய ஒரு விலங்கு எழுகிறது. இவ்வுருவம் யோவானின் புதுப்படைப்பன்று. கி.மு. 165ஐ ஒட்டி, அந்தியோக்கு எபிபானே என்னும் மன்னனின் ஒடுக்குமுறைக் காலத்தில் இறுதிவடிவம் பெற்ற தானியேல் நூலின் ஏழாம் அதிகாரத்தில் நான்கு விலங்குகள் அடுத்தடுத்துக் கடலிலிருந்து எழுகின்றன. சிங்கம், கரடி, நான்கு தலைச் சிறுத்தை, பத்துக் கொம்புடைய பெயரிலா விலங்கு என்பன அவை. இந்நான்கின் தலைகளையும் கூட்டினால் ஏழு, கொம்புகள் பத்து. யோவான் நான்கையும் ஓருடலாக்குகிறார். முன்னைப் பேரரசுகள் அனைத்தின் கொடுமையும் ஒன்று திரண்டதே இன்றைய பேரரசு என்பது இதன் குறிப்பு. மரபறிந்த கேட்போனுக்கு இதனை விளக்க உரையாசிரியர் தேவையில்லை.

அவ்விலங்கின் தலைகளுள் ஒன்று சாவுக்காயம் பட்டுப் பின் பிழைத்ததாகக் கூறப்படுவதும் அக்கால மக்கள் அறிந்த செய்தியே. கி.பி. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்டான். எனினும் அவன் இறக்கவில்லை, கிழக்கிலிருந்து படையுடன் மீள்வான் என்னும் வதந்தி கீழை மாநிலங்களில் நெடுங்காலம் உலவிற்று. கி.பி. 69இலும் அதன்பின் இருமுறையும் போலி நீரோக்கள் தோன்றியதை உரோம வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர்.

எண்

விலங்கின் எண் 666 என்பது நூலிலேயே மிகுதியும் பேசப்படும் குறியீடு. கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எண்களுக்கெனத் தனி வரிவடிவம் இல்லை. எழுத்துகளே எண்களாகவும் நின்றன. ஆதலால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. இது மறைஞானியரின் தனிக்கலையன்று. தெருவில் வழங்கிய விளையாட்டு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரச் சுவரொன்றில், தான் விரும்பும் பெண்ணின் எண் 545 என ஒருவன் கிறுக்கிவைத்துள்ளான். அப்பெண் யாரென அவ்வூரார் அறிந்திருப்பர், நாம் அறியோம். 'நீரோ' என்பதன் கிரேக்க எண்ணும், 'தன் தாயைக் கொன்றான்' என்னும் பொருளுடைய தொடரின் எண்ணும் ஒன்றே எனக் காட்டும் ஓர் அங்கதம் உரோமில் உலவியதையும் சுவேத்தோனியு குறித்துள்ளார்.

'நீரோன் கேசர்' என்பதனை எபிரேய எழுத்துகளில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200 என வந்து மொத்தம் 666 ஆகிறது. யூதேயப் பாலைநிலத்தின் முரப்பாத்துப் பள்ளத்தாக்கில் கிடைத்த, நீரோவின் ஆட்சியாண்டைக் குறிக்கும் அரமேய ஆவணமொன்று இவ்வெழுத்துமுறைக்குச் சான்றாகிறது. இலத்தீன் வழக்கையொட்டி ஈற்று 'நூன்' நீங்கி 'நீரோ' என எழுதினால் 50 குறைந்து 616 ஆகும். பழைய படிகள் சிலவற்றில் 616 என்னும் பாடமே காணப்படுகிறது. எகிப்தின் ஒக்சிரிங்கு நகரில் கிடைத்து 1999இல் பதிப்பிக்கப்பெற்ற, மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய பப்பிரசு ஏடும் அவ்வெண்ணையே தருகிறது. இரு பாடங்களுக்கும் ஒரே பெயர் விளக்கம் தருவதாலேயே அறிஞர் பெரும்பாலோர் இத்தீர்வை ஏற்கின்றனர். கிரேக்கம் பேசிய சபைகளுக்கு எபிரேயக் கணக்கு எட்டுமா எனச் சிலர் ஐயுறுவர். ஆசிரியர் வேறு இரண்டு இடங்களில் எபிரேயப் பெயர்களை அம்மொழியின் பெயரைச் சுட்டியே தருவதை அவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு நாம் தயங்கி நிற்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரேனேயு இளமையில் சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்புவின் உரையைக் கேட்டவர். ஏழு சபைகளுள் ஒன்றோடு இத்தகைய நேர்த்தொடர்புடைய அவரே இவ்வெண்ணுக்கு எவந்தா, லத்தீனோ, தெய்த்தான் என மூன்று விடைகளைக் கூறி, எதனையும் உறுதி செய்யாமல் விடுகிறார். நீரோவின் பெயரை அவர் குறிப்பிடவே இல்லை. 616 என்னும் பாடத்தையும் எழுதுவோர் பிழை எனத் தள்ளுகிறார். நூல் எழுந்து ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள், அதே வட்டாரத் தொடர்புடைய அறிஞருக்கே விடை எட்டாமற்போயிற்று. குறியீடு தன் நிலத்திலிருந்து பெயர்வதற்கு நெடுங்காலம் தேவையில்லை என்பதற்கு இதுவே தக்க சான்று.

முத்திரையும் குறியும்

விலங்கின் அடையாளத்தைக் கையிலோ நெற்றியிலோ பெறாதவர் வாங்கவும் விற்கவும் இயலாது என நூல் கூறுகிறது. இவ்வடையாளத்துக்குரிய கிரேக்கச் சொல் 'காரக்மா'. எகிப்தியப் பப்பிரசு ஏடுகளில் விற்பனை ஆவணங்களின்மேல் பேரரசன் பெயரும் ஆட்சியாண்டும் பொறித்த அரசு அச்சுக்கு இச்சொல்லே வழங்கியதை, அடோல்ஃப் டைஸ்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக்காட்டினார். விலங்குகளுக்கு இடும் சூட்டுக்குறியையும் நாணயத்தில் பதியும் உருவையும்கூட அது குறிக்கும். பேரரசனின் முகம் பதித்த காசின்றிச் சந்தையில் எதுவும் நடவாது என்னும் நிலையில், இக்குறியீடு எதிர்காலத்தைப் பற்றிய புதிராக முதற்கேட்போருக்குத் தோன்றியிராது.

கடவுளின் ஊழியர் நெற்றியில் இடப்படும் அடையாளத்துக்கோ யோவான் 'ஸ்ப்ராகிஸ்' என்னும் வேறு சொல்லை ஆள்கிறார். உடைமையையும் காப்பையும் உணர்த்தும் இலச்சினைக்குரிய சொல் அது. ஏட்டுச்சுருளை மூடியிருக்கும் ஏழு முத்திரைகளுக்கும் அதுவே பெயர். கிரேக்க மூலம் இவ்விரு சொற்களையும் ஓரிடத்தும் கலப்பதில்லை. தமிழில் நிகழ்ந்தது வேறு. பழைய மொழிபெயர்ப்பு இரண்டனையும் 'முத்திரை' என்றே தருகிறது. இதனால் இரு அடையாளங்களும் நேருக்குநேர் நின்று மோதும் ஒரு வலிமை கிடைத்தது உண்மை. ஆனால் சந்தையும் காசும் ஆவணமும் சார்ந்த பொருட்சாயல் மறைந்தது. பொது மொழிபெயர்ப்பு விலங்கினுடையதைக் 'குறி' எனப் பிரித்துக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்தேர்வு வாசகனின் வரலாற்றறிவை எவ்வளவு திறக்கவும் மூடவும் வல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

பாபிலோன்

யோவான் எழுதிய காலத்தில் பாபிலோன் சிறப்பிழந்த பழைய நகரம். எருசலேம் கோயிலைக் கி.மு. 587ஐ ஒட்டி அழித்த பேரரசின் தலைநகர் அது. அக்கோயிலின் இடத்தில் மீண்டும் எழுந்த கோயிலை உரோமர் கி.பி. 70இல் எரித்தனர். அதன்பின் எழுந்த நான்காம் எஸ்ரா, இரண்டாம் பாருக்கு முதலிய யூத நூல்களும் உரோமைப் பாபிலோன் என்னும் உருவிலேயே காண்கின்றன. எனவே இப்பெயர் ஒரு தனி மனிதரின் புனைவன்று. ஒரே துயரைப் பகிர்ந்துகொண்ட மக்களின் பொதுவழக்கு. அப்பெண் ஏழு மலைகளின்மேல் அமர்ந்திருப்பதாகக் கூறுவது ஐயத்துக்கே இடமளிக்கவில்லை. வெஸ்பாசியன் காலத்தில், கி.பி. 71இல், உரோம் என்னும் பெண்தெய்வம் ஏழு குன்றுகளின்மேல் சாய்ந்திருக்கும் உருவுடன் நாணயம் வெளியிடப்பட்டது. நாணயத்தில் தெய்வமாக வீற்றிருந்தவளை யோவான் விலைமகளாகத் திருப்பி எழுதினார்.

பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனுக்கு வந்திறங்கிய சரக்குகளின் பட்டியல் ஒன்றுண்டு. எசேக்கியேல் நூலில் தீர் நகரின் வாணிகத்தைப் பற்றி வரும் பட்டியலே இதற்கு முன்மாதிரி எனினும், சரக்குகள் உரோமின் காலத்துக்குரியவை. பொன், வெள்ளி, மணிகள், முத்து எனத் தொடங்கி, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, நறும்புகைப் பொருள்கள், கோதுமை, குதிரைகள் எனத் தொடர்ந்து, இருபத்தெட்டாவதாக அடிமைகளில் முடிகிறது. அவர்களை 'உடல்கள்' என்னும் சந்தைச் சொல்லால் சுட்டிய ஆசிரியர், அவை மனித உயிர்கள் என உடனே நினைவூட்டுகிறார்.

இப்பட்டியல் தமிழ் வரலாற்று மாணவருக்குப் புதிதன்று. அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டும் முசிறி, கீழைக் கடல் வாணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்தர்ஸ் பணத்தை உரோமிலிருந்து ஈர்த்துக்கொள்வதாக மூத்த பிளினி வருந்தினார். அதே முதல் நூற்றாண்டின் 'எரித்திரையக் கடற்பயண நூல்' பாண்டியருக்குரிய கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. அதில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனைபெற்ற குற்றவாளிகள் என்றும் கூறுகிறது. உரோமச் சந்தைக்கு முத்து பாரசீக வளைகுடாவிலிருந்தும் சென்றதுண்டு. எனினும், சரக்குப் பட்டியலின் தொடக்கத்தில் வரும் முத்தையும் முடிவில் வரும் மனித உயிரையும் யோவான் ஒரே கணக்கில் வைத்தது ஏன் என்பது கொற்கைச் செய்தியால் நமக்கு மேலும் தெளிவாகிறது. பாபிலோன் என்னும் சொல் ஒழுக்கக்கேட்டை மட்டும் குறிப்பதன்று. அது ஒரு பொருளியல் ஒழுங்கின் பெயருமாகும்.

ஆட்டுக்குட்டி

விலங்குக்கு எதிராக யோவான் நிறுத்துவது வேறொரு வலிய விலங்கை அன்று. ஐந்தாம் அதிகாரத்தில் யூதா குலத்துச் சிங்கம் வென்றதாக அவர் காதால் கேட்கிறார். திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுவதோ கொல்லப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி. கேட்டதற்கும் கண்டதற்கும் இடையிலான இம்முரணில் நூலின் மையக்கருத்தே அடங்கியுள்ளது.

'அர்னியோன்' என்னும் கிரேக்கச் சொல் இந்நூலில் 29 முறை வருகிறது; அவற்றுள் 28 கிறித்துவைக் குறிப்பன. எஞ்சிய ஒன்று, நிலத்திலிருந்து எழும் இரண்டாம் விலங்கின் கொம்புகள் ஆட்டுக்குட்டியினுடையவை போன்றிருந்தன எனக் கூறுமிடத்தில் வருகிறது. போலி, மெய்யின் சாயலை அணிந்து வருகிறது என்பதே அங்குள்ள குறிப்பு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, முதல் அறிமுகத்துக்குப் பின் கிறித்துவைக் குறிக்குமிடங்களில் 'ஆட்டுக்குட்டியானவர்' என உயர்திணையாக்கி மதிப்பளிக்கிறது. பக்தியின் நோக்கில் இது இயல்பே. ஆயினும் குறியீடும் குறிக்கப்படுபவரும் ஒரே சொல்லில் இணைந்துவிடுவதால், இரண்டாம் விலங்கின் போலித்தோற்றம் தமிழ்ச் செவிக்கு எட்டுவது அரிதாகிறது. பொது மொழிபெயர்ப்பு 'ஆட்டுக்குட்டி' என அஃறிணையிலேயே நிறுத்துகிறது. திணைப் பாகுபாடு தமிழ் இலக்கணத்தின் அடிப்படை. மொழிபெயர்ப்பில் அது ஒரு குறியீட்டின் தலைவிதியையே மாற்றக்கூடும்.

நிலம் மறந்த வாசிப்புகள்

பேரரசு கிறித்துவத்தைத் தழுவிய பின்னர், உரோமை விலங்கெனக் கொள்ளுதல் இயலாதாயிற்று. அகுஸ்தீன் போன்றோர் இக்குறியீடுகளை நன்மை தீமைப் போராட்டத்தின் பொது உருவகங்களாகக் கொண்டனர். பின்வந்தோர் தத்தம் பகைவரை அவற்றில் கண்டனர். 1522இல் லூத்தர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், குரானாக் வரைந்த படங்களுள் பாபிலோன் பெண்ணின் தலையில் போப்பாண்டவரின் மும்முடி இருந்தது. அதே ஆண்டு திசம்பர்ப் பதிப்பில் அது எளிய முடியாகச் செதுக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பியெத்ரோ போங்கோ என்னும் கத்தோலிக்க எழுத்தாளர் லூத்தரின் பெயரிலேயே 666 வருமாறு கணக்கிட்டார். எவர் பெயரும் 666 ஆகக்கூடும் எனில், அவ்வெண் எவரையும் குறிக்கவில்லை என்பதே பொருள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாளில் கிறித்து வருவாரெனக் காத்திருந்து ஏமாந்தனர். 1980களில் கடைப்பொருள்களின் பட்டைக் குறியீட்டிலும், 2021இல் நோய்த்தடுப்பூசியிலும் விலங்கின் குறியைக் கண்டோர் உண்டு.

இவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது 1993இல் டெக்சாசு மாநிலத்தின் வேக்கோ அருகே நிகழ்ந்தது. டேவிட் கோரெஷ் என்பவர் ஏழு முத்திரைகளைத் திறக்கவல்லவர் தாமே என நம்பினார். அவரைப் பின்பற்றியோரும் அவ்வாறே நம்பினர். 51 நாள் முற்றுகையின்போது அவருடைய பேச்சு அதிகாரிகளுக்குப் பொருளற்ற உளறலாகவே பட்டது. ஃபிலிப் ஆர்னால்டு, ஜேம்ஸ் டேபர் என்னும் இரு சமய ஆய்வாளர், முத்திரைகளின் மொழியிலேயே அவருடன் உரையாட முயன்றனர். ஏழு முத்திரைகளின் விளக்கத்தை எழுதி முடித்ததும் வெளிவருவதாக ஏப்பிரல் 14இல் அவர் எழுதினார். ஏப்பிரல் 19இல் அதிகாரிகள் கண்ணீர்ப்புகை கொண்டு உட்புக முனைந்தபோது மூண்ட தீயில், குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் முத்திரையின் விளக்கம் மட்டும், உயிர்தப்பிய ஒருவர் கொண்டுவந்த கணினி வட்டில் எஞ்சியது. குறியீட்டை நிலத்திலிருந்து பெயர்த்துத் தம்மேல் ஏற்றிக்கொண்ட ஒருவரும், குறியீடு என்பதன் ஆற்றலையே அறியாத அதிகாரிகளும் எதிரெதிரே நின்றதன் விளைவு அது.

எல்லா மறுவாசிப்பும் இத்தகையதன்று. தென்னாப்பிரிக்கச் சமயப் பணியாளர் ஆலன் பூசாக், இனவொதுக்கல் ஆட்சியின்கீழ் 1987இல் வெளியிட்ட திருவெளிப்பாட்டு உரையில், யோவானின் உரோமை முதலில் நன்கு அறிந்து, பின்னரே தம் நாட்டை நோக்கினார். வழிபாட்டைக் கோரும் அதிகாரம், உயிரை விலைபேசும் சந்தை என்னும் குறியீட்டின் உட்பொருளை அவர் கைவிடவில்லை. எண்ணுக்கு ஏற்ற பகைவனைத் தேடுவதும், ஒடுக்குமுறையின் இயல்பை அடையாளம் காண்பதும் முற்றிலும் வேறுபட்ட வாசிப்புகளாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. திருவெளிப்பாட்டின் குறியீட்டுச் சொற்கள் எழுந்த காலத்தில் தெளிவானவை. நாணயம், கோயில், சந்தை, பழைய மறைநூல் ஆகியவற்றை அறிந்தோர் அவற்றை உடனே உணர்ந்தனர். அவ்வறிவு மறைந்தபோதுதான் அவை புதிர்களாயின. வரலாற்றுப் பொருளே அந்நூலின் முழுப்பொருள் என நாம் வாதிடவில்லை. நம்பிக்கையுடையோர் அதில் இறுதித் தீர்ப்பையும் புதிய உலகையும் காண்கின்றனர். நூலும் அவற்றைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் ஒரு சொல் முதலில் எதைக் குறித்தது என்பதை அறிந்தபின் எழும் வாசிப்புக்கும், அதை அறியாமல் எழும் வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பணி உண்டு. குறியீட்டைக் கற்பிக்கும்போது 'இது எதற்கு நிகர்' என்னும் வினாவோடு நிறுத்தாமல், 'இது யாருக்கு, எங்கே விளங்கிற்று' என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். ஆய்வாளர்க்கும் பணி உண்டு. 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தொடங்கி 1995 வரை, முத்திரை, குறி, வலுசர்ப்பம், அரக்கப் பாம்பு, மிருகம், விலங்கு எனச் சொற்கள் மாறிவந்த வரலாறு, தமிழ்ச் சொல்வரலாற்றின் ஒரு பகுதியே. அதனைச் சமயத் துறைக்கு மட்டும் உரியதென ஒதுக்காமல், இந்திய ஆய்வியல் துறைகளும் மேற்கொள்ளுதல் நலம்.